மாதம் மிஞ்சும் 14,000 ரூபாய் உண்மையில் மிஞ்சுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 39. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 54,000 ரூபாய் வருகிறது. விவாகரத்தானவள். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. வீடும் கடனும் என் பெயரில். ஐந்து வருடம் கட்டியாயிற்று. நிலுவை 18 லட்சம், வட்டி 8.5%, இஎம்ஐ 17,725, இன்னும் 15 வருடம். மாதச் செலவு போக 14,000 வரை மிஞ்சுகிறது. அதில் 11,000 ரூபாயை இஎம்ஐயோடு சேர்த்துக் கட்டினால் ஏழு வருடத்தில் கடன் முடியும் என்று கணக்கு காட்டுகிறது. இஎம்ஐயையே உயர்த்தி எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் 1,60,000 இருக்கிறது. இந்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்த நகைக்கடன் 1,20,000 (18% வட்டி). தீபாவளி போனஸ் 40,000. பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை மாதம் 6,000 என்று தீர்ப்பு. ஆனால் எப்போதாவதுதான் வரும். பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனில் போடலாமா? ஏழு வருடத் திட்டம் சரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் ஏழு வருடக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. 18 லட்சத்தை 8.5 சதவீதத்தில் 84 மாதத்தில் முடிக்க மாதம் 28,506 ரூபாய் வேண்டும்; 17,725-உடன் 11,000 சேர்த்தால் அது கிடைத்துவிடுகிறது. பிழை, மிஞ்சுவதாக நீங்கள் நினைக்கும் 14,000-த்தில் இருக்கிறது. கடிதத்தோடு அனுப்பிய செலவுப் பட்டியலைப் பார்த்ததும் அது புலப்பட்டது.

மாதாமாதம் போவது: இஎம்ஐ 17,725, மளிகை, பால், காய்கறி, கேஸ் 12,000, மின்சாரமும் போனும் 2,200, வண்டி 2,500, மருந்து 1,500, செல்வமகள் சேமிப்பு 2,000, நகைக்கடன் வட்டி 1,800. கூட்டினால் 39,725, கையில் நிற்பது 14,275. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருவது அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் 96,000. எல்ஐசி பிரீமியம் 24,000. வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி, தீபாவளித் துணி, மொய் எல்லாமாக 36,000. மொத்தம் 1,56,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 13,000. ஆக உண்மையில் மிஞ்சுவது 1,275 ரூபாய்.

ஜூன் வந்தால் நகை அடகுக்குப் போவது ஏன் என்பதற்கு இதுதான் விடை. ஊதாரித்தனம் எதுவும் இல்லை. மூன்று பேருக்கு 12,000-த்தில் சாப்பாட்டுச் செலவை முடிப்பதே கெட்டிக்காரத்தனம். அதில் கை வைக்காதீர்கள். 11,000-த்தைக் கடனில் கட்டத் தொடங்கியிருந்தால், 8.5 சதவீத வட்டியை மிச்சப்படுத்தக் கட்டிய பணத்தை அடுத்த ஜூனில் 18 சதவீதத்துக்கு வெளியே கடன் வாங்கியிருப்பீர்கள்.

அதனால் முதல் வார்த்தையாக: இஎம்ஐயை உயர்த்தி எழுதித் தரும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில், கட்டாயம் கட்ட வேண்டிய தொகை கூடக் கூடாது. விருப்பப்பட்டுக் கட்டும் தொகையைத்தான் கூட்ட வேண்டும். 28,725 இஎம்ஐ ஆகிவிட்டால் வேலை போன மாதமும், மகனுக்கு டெங்கு வந்த மாதமும் 28,725 கட்டியாக வேண்டும்; தவறினால் செக் பவுன்ஸ் கட்டணம், அபராதம், சிபில் மதிப்பெண் சரிவு. அதே 11,000-த்தை நீங்களாகத் தனியே கட்டினால், கட்டாத மாதத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வட்டி மிச்சம் இரண்டிலும் ஒன்றுதான். தனிநபருக்குத் தந்த மாறும் வட்டி வீட்டுக் கடனில், பகுதியாகவோ முழுதாகவோ முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே அந்த வழி உங்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது.

இப்போது உண்மையான கூடுதல் பணத்தை எங்கே தேடுவது என்று பார்ப்போம்.

நகைக்கடனை இந்த வாரமே மீட்டுவிடுங்கள். சேமிப்பில் இருக்கும் 1,60,000-த்தில் 1,20,000 போகும், மீதி 40,000. கையிருப்பு கரைகிறதே என்று பயப்பட வேண்டாம். சேமிப்புக் கணக்கு தரும் சொற்ப வட்டிக்குப் பணத்தை வைத்துக்கொண்டு 18 சதவீதம் கட்டுவதில் அர்த்தமில்லை. மீட்ட நகையே ஒரு கையிருப்புதான்; நிஜமான அவசரம் வந்தால் வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்கு வைக்கலாம். விற்க வேண்டாம். மாதம் 1,800 இங்கே விடுபடுகிறது.

அடுத்தது எல்ஐசி. நீங்கள் போட்டிருப்பது 4,50,000 ரூபாய் எண்டோமென்ட், அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பாலிசி. 20 பிரீமியத்தில் 9 கட்டியாயிற்று. இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் 5 முதல் 6 சதவீதம் தருபவை. கடனுக்கு 8.5 கட்டுகிறீர்கள். சரண்டர் செய்தால், அதாவது இடையில் முறித்துப் பணத்தை வாங்கினால், கட்டியதில் பெரும் பகுதி கரையும்; அது வேண்டாம். பிரீமியத்தை நிறுத்திப் பாலிசியை ‘பெய்டு அப்’ ஆக்கலாம். 20-இல் 9 பங்கு என்ற கணக்கில் காப்பீட்டுத் தொகை 2,02,500 ஆகக் குறையும். இதுவரை சேர்ந்த போனஸ் அப்படியே நிற்கும். இரண்டும் முதிர்வில் கிடைக்கும்.

ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) கைக்கு வர வேண்டும், பிறகுதான் எண்டோமென்டை நிறுத்த வேண்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால் 18 லட்சம் கடனோடு இரண்டு சிறுவர்கள் நிற்பார்கள். நான்கரை லட்சம் அதற்குக் காணாது. 60 வயது வரைக்கும் குறைந்தது 75 லட்சத்துக்கு எடுங்கள். இதற்கு மாதம் 1,000 ஒதுக்கியிருக்கிறேன். மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிள்ளைகளை நாமினி ஆக்கும்போது இருவரும் மைனர் என்பதால் அவர்கள் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவர் பெயரும் கேட்பார்கள். அந்த இடத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். பணத்தை யார் கையில் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்று நிதானமாக யோசித்து எழுதுங்கள். வீட்டுக் கடன் தந்தபோதே ஒற்றைப் பிரீமியக் காப்பீடு ஒன்றைக் கடனோடு சேர்த்திருக்கிறார்களா என்றும் பழைய காகிதங்களில் பாருங்கள். இருந்தால் அதன் காப்பீடு பெரும்பாலும் கடன் குறையக் குறையக் குறைந்துகொண்டே வரும்; அதையும் கணக்கில் எடுக்கலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, வட்டி விகிதம். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது தரும் கடனின் வட்டி) 2025 பிப்ரவரியில் 6.50-லிருந்து இறங்கத் தொடங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததாக இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தி, அந்த 1.25 புள்ளி உங்களுக்கும் வந்திருக்க வேண்டும். 8.5 என்பது அதற்குப் பிறகான விகிதமா, முந்தையதா? வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டி கணக்கிடும் பழைய எம்சிஎல்ஆர் முறையில் நின்றுவிட்டதா? வீட்டுவசதி நிதி நிறுவனக் கடன் என்றால், அவர்கள் தங்கள் சொந்த விகிதத்தை வைத்து ஓட்டுகிறார்களா? கிளைக்குப் போய் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: என் கடன் எந்த விகிதத்தோடு இணைந்தது, அதற்கு மேல் எத்தனை புள்ளி, இன்று புதிதாக வருபவருக்கு எவ்வளவு. வித்தியாசம் இருந்தால் மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். ஒருமுறைக் கட்டணம் ஒன்று வாங்குவார்கள், அதைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம்.

உதாரணத்துக்கு 7.75 சதவீதம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வருடத்துக்கு இஎம்ஐ 16,943 ஆகக் குறையும். அந்த 782 ரூபாயை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாமல் பழைய 17,725-ஐயே கட்டினால் 180 மாதம் 166 ஆகிறது. ஒரு ரூபாய் கூடுதலாகப் போடாமலே 14 மாதமும் சுமார் 2,53,000 ரூபாயும் மிச்சம். வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது கடைசி வழி. நம் ஊரில் புதிதாக எம்ஓடி (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்ய வேண்டும். பதிவுச் செலவு, சட்டக் கருத்து, பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேரும். அரை புள்ளிக்கும் குறைந்த வித்தியாசத்துக்கு அந்த அலைச்சல் தேறாது.

மீதி 15 வருடம் என்பதை எங்கே பார்த்தீர்கள்? கணக்கு அறிக்கையிலா, 20-இல் ஐந்தைக் கழித்தா? உங்கள் எண்கள் பொருந்துவதால் பார்த்தே எழுதியிருக்கிறீர்கள் என நம்புகிறேன். பலருக்கு 2022 மே முதல் வட்டி ஏறியபோது இஎம்ஐ மாறாமல் தவணைகள் மட்டும் சத்தமில்லாமல் நீண்டன. அதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும், மீதித் தவணை எத்தனை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி புதிய கணக்கு. நகை வட்டி 1,800 நின்றது. மாதச் செலவு 37,925. வருடச் செலவில் எல்ஐசி 24,000 போய் டேர்ம் 12,000 வந்தது; மொத்தம் 1,44,000, மாதத்துக்கு 12,000. 54,000-த்தில் இரண்டையும் கழித்தால் 4,075. இதுதான் நிஜமாக உங்கள் கையில் நிற்கும் பணம்.

வருடச் செலவுக்கான இந்த 12,000 சம்பளக் கணக்கில் கிடந்தால் கரைந்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே 8,000 ஒரு வங்கி ஆர்டிக்கும் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), 4,000 தனியான சேமிப்புக் கணக்குக்கும் தானாகப் போகும்படி செய்யுங்கள். ஆர்டி மே மாதக் கடைசிக்குள் முதிர வேண்டும், அதுதான் முக்கியம். தபால் நிலைய ஆர்டி ஐந்து வருடம் என்பதால் இதற்கு உதவாது. ஜூலையில் தொடங்கினால் இந்த வருடம் 11 தவணைதான், 88,000 சேரும். குறையும் 8,000-ஐ இந்த ஒருமுறை போனஸிலிருந்து எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் அடுத்த வருடக் கட்டணத்தைப் பள்ளியில் கேட்டு, அடுத்த ஆர்டியின் தொகையை மாற்றுங்கள். வீட்டு வரியை ஒவ்வொரு அரையாண்டிலும் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மின்சாரம் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்.

மாதம் மிஞ்சும் 4,000-த்தைக் கடனில் கட்டத் தொடங்கலாமா? இன்னும் இல்லை. முதலில் நான்கு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். செல்வமகள் சேமிப்பையும் வருடச் செலவையும் விட்டுப் பார்த்தால் மாதம் சுமார் 36,000, நான்கு மாதத்துக்கு 1,44,000. இன்று 40,000 இருக்கிறது. 16 மாதத்தில் 64,000 சேரும். இந்தத் தீபாவளி போனஸில் 32,000. குறையும் 8,000 அடுத்த தீபாவளி போனஸிலிருந்து. ஆக அடுத்த வருடத் தீபாவளிவரை வீட்டுக் கடனில் கூடுதலாக ஒரு பைசாவும் போகாது. கடனை முடிக்கத் துடிக்கும் உங்களுக்கு இது கசக்கும், தெரியும். ஆனால் கடனில் போட்ட பணம் திரும்பி வராது. திரும்பக் கேட்டால் டாப் அப் என்ற கூடுதல் கடன், மறு பரிசீலனை, புது வட்டி. இரண்டு சம்பளம் உள்ள வீட்டில் ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும். உங்கள் வீட்டில் அந்த இரண்டாவது சம்பளத்தின் இடத்தில் நிற்பது இந்த 1,44,000-தான். இதை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் 35,000 அளவில் மூன்றாகப் பிரித்துப் போட்டு மீதியைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

அதன் பிறகு மாதம் 4,000, போனஸில் 25,000. வட்டி 7.75 ஆகியிருந்தால் கடன் இன்றிலிருந்து சுமார் 9 வருடம் 4 மாதத்தில் முடியும். 8.5-இலேயே நின்றால் 9 வருடம் 10 மாதம். 54 வயதில் முடிய வேண்டியது 49-க்குள் முடிகிறது. சம்பள உயர்வு எதையும் இதில் சேர்க்கவில்லை. கட்டணமும் விலைவாசியும் உயர்வில் பாதியையாவது தின்றுவிடும்.

மகள் கல்லூரிக்குப் போகும்போது என்ன செய்வது? அவள் பதினொன்றாம் வகுப்பு முடிக்கும்போதே கூடுதல் தொகையைக் கடனிலிருந்து ஆர்டிக்குத் திருப்புவது பற்றி யோசியுங்கள். நான்கு வருடம் கூடுதலாக எதுவுமே கட்டாமல், பிறகு மறுபடி தொடங்கினால் என்னாகும் என்று 7.75-க்குப் போட்டுப் பார்த்தேன்: 10 வருடம் 9 மாதம். நான்கு வருட ஓய்வுக்கு விலை 17 மாதம்தான். ஆகவே கட்ட முடியாத வருடங்களில் திட்டம் தோற்றுவிட்டது என்று நினைத்து நகையை எடுக்காதீர்கள்.

பகுதிப் பணம் கட்டும்போது வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: கூடுதல் பணம் ‘முன்பணத் தவணை’யாகப் பதிவாகி, அடுத்த மாத இஎம்ஐக்கு ஈடாகிவிடும். அசல் குறையாது, வட்டியும் குறையாது. கட்டும்போது “பகுதி முன்கட்டணம், அசலில் கழிக்கவும், இஎம்ஐ மாறாமல் காலத்தைக் குறைக்கவும்” என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுவாரம் அறிக்கையில் அசல் நிலுவை அதே அளவு குறைந்திருக்கிறதா, மீதித் தவணை எண்ணிக்கை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 4,000 என்று சிறுசாக ஏற்க மறுத்து, ஒரு இஎம்ஐ அளவாவது வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அப்படியானால் ஐந்து மாதம் சேர்த்து 20,000-ஆகக் கட்டுங்கள்; பெரிய நஷ்டம் இல்லை.

காலத்தைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய நிலையில் 8.5 சதவீதத்தில் 1,00,000 ரூபாய் கட்டினால், இஎம்ஐயைக் குறைத்தால் மாதம் 985 குறையும், மொத்த வட்டியில் சுமார் 77,000 மிச்சம். காலத்தைக் குறைத்தால் 18 மாதத்துக்கு மேல் போய்விடும், வட்டியில் சுமார் 2,34,000 மிச்சம். வங்கி அதிகமாக எதையும் தந்துவிடவில்லை. அந்த 985-ஐ நீங்கள் தொடர்ந்து கட்டுவதால் வருவது அது. வீட்டுக்கு வந்தால் அந்த 985 எங்கே போனது என்றே தெரியாது. கல்லூரி வருடங்களில் நெருக்கடி முற்றினால் மட்டும், ஒரு பகுதிப் பணத்தை இஎம்ஐ குறைப்பாகக் கேளுங்கள்.

பிஎஃப்பைத் தொடாதீர்கள். 2024-25-க்கு அதன் வட்டி 8.25, வரியில்லாமல். செல்வமகள் சேமிப்பு 8.2, அதற்கும் வரியில்லை. இரண்டையும் நிறுத்தி 8.5 கடனில் போடுவதால் ஆதாயம் ஏதுமில்லை. செல்வமகளில் மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் மேற்படிப்புக்கு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். நான்கு வருடத்தில் அது உங்களுக்கு வேண்டும். வரிச்சலுகைக்காகக் கடனை வைத்துக்கொள் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால், புதிய முறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது. அந்த வாதம் உங்களுக்குப் பொருந்தாது.

பராமரிப்புத் தொகையை நான் வரவில் சேர்க்கவே இல்லை. நீங்களும் சேர்க்க வேண்டாம். வரும்போது பிள்ளைகள் கணக்கில் போடுங்கள். ஆனால் விட்டுவிடவும் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி வந்த தீர்ப்பு என்றால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். தாமதித்தால் அந்த வழி அடைபடும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் அங்கே வழக்கறிஞர் இலவசம். மாதம் 6,000 என்பது நான் தேடித் தேடிக் கண்டுபிடித்த 4,075-ஐவிடப் பெரிய தொகை.

கடைசித் தவணை கட்டும் நாளுக்காக இதையும் குறித்து வையுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்கும்போது கொடுத்த ஆவணப் பட்டியலை இன்றே தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், அதை வைத்துத்தான் அன்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடியும். பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடிக்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அதில் கடன் தீர்ந்த பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.